தேனீயின் நொதியும் சர்க்கரைப் பாகும்

100 கிராம் தண்ணீரை ஒரு பாத்திரத்தில் எடுத்துக்கொண்டு, அதில் சர்க்கரையைச் சிறிது சிறிதாகப் போட்டுக் கலக்கிக்கொண்டே வாருங்கள். வெப்பநிலை 20 டிகிரி செல்சியஸாக இருந்தால், ஏறத்தாழ 200 கிராம் சர்க்கரை கரையும். அதற்குமேல் எவ்வளவு கலக்கினாலும் சர்க்கரை அடியில் தங்கிவிடும். சூடாக்கிக் கரைத்தாலும், ஆறிய பிறகு மிகுதிச் சர்க்கரை படிகமாகப் பிரிந்துவிடும்.

இனி, ஒரு கரண்டித் தேனைப் பாருங்கள். அமெரிக்க வேளாண்மைத் துறை 490 தேன் மாதிரிகளைப் பகுத்தாய்ந்து 1962ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டது. அதன்படி தேனில் உள்ள தண்ணீர் சராசரியாக நூற்றுக்கு 17 பங்குதான். எஞ்சியதில் பெரும்பகுதி சர்க்கரைப் பொருள்களே. அதாவது, 100 கிராம் தண்ணீரில் 400 கிராமுக்கும் மேற்பட்ட சர்க்கரை கரைந்திருக்கிறது. நம்மால் 200 கிராமுக்குமேல் கரைக்க முடியவில்லை. தேனீ இரு மடங்கு கரைத்துவிடுகிறது. இஃது எப்படி இயலும்?

விடை எளியது. தேனில் இருப்பது நாம் கடையில் வாங்கும் கரும்புச் சர்க்கரை அன்று. கரும்புச் சர்க்கரையின் ஒவ்வொரு மூலக்கூறும் குளுக்கோஸ், ஃபிரக்டோஸ் என்னும் இரு சிறு சர்க்கரைகள் கைகோத்து நிற்கும் இணையாகும். தேனீ அந்தக் கையைப் பிரித்துவிடுகிறது. பிரிந்து நிற்கும் இரண்டில் ஃபிரக்டோஸ் தண்ணீரில் மிக எளிதாகக் கரையும். மேலே சொன்ன பகுத்தாய்வில் ஃபிரக்டோஸ் 38 விழுக்காடும், குளுக்கோஸ் 31 விழுக்காடும் இருக்க, கரும்புச் சர்க்கரை ஒன்றேகால் விழுக்காட்டை ஒட்டியே இருந்தது.

இந்தப் பிரிப்பு வேலையைச் செய்வது தேனீயின் சுரப்பியிலிருந்து வரும் ஒரு நொதி. அப்படியானால், தேனீக்களுக்குச் சர்க்கரைப் பாகு ஊட்டும்போது, அந்த நொதியை நாமே கலந்து கொடுத்தால் அவற்றின் உழைப்பு குறையுமல்லவா? இந்தக் கேள்வியைத் தேனீ வளர்ப்போர் பல காலமாகக் கேட்டு வந்துள்ளனர். அதற்கு விடை தேடிய வழியில் தேனீக்கள் சில மடிந்ததும் உண்டு. அக்கதையை முதலிலிருந்து பார்ப்போம்.

ஒளி திசைமாறிய கதை

கதை தேன்கூட்டில் தொடங்கவில்லை. இயற்பியல் ஆய்வகத்தில் தொடங்குகிறது. 1815ஆம் ஆண்டில் பிரெஞ்சு இயற்பியலறிஞர் பியோ, தளவிளைவுற்ற ஒளியைச் சில திரவங்களின் வழியே செலுத்தினார். வெளிவந்த ஒளியின் அதிர்வுத் தளம் சற்றே திரும்பியிருந்தது. கர்ப்பூரத் தைலமும் சர்க்கரைக் கரைசலும் இவ்வாறு ஒளியைத் திருப்பும் பண்புடையவை எனக் கண்டார். கல்லூரியில் இயற்பியல் படித்தவர்கள் போலாரிமீட்டர் என்னும் கருவியில் இதே சோதனையைச் செய்திருப்பீர்கள். நீண்ட குழாயில் சர்க்கரைக் கரைசலை நிரப்பி, கண்ணருகே உள்ள வட்டை எவ்வளவு திருப்பினால் ஒளி மறைகிறது என்று பார்க்கும் சோதனை அது.

கரும்புச் சர்க்கரை தளத்தை வலப்புறம் திருப்பும். அக்கரைசலில் சிறிது அமிலம் சேர்த்துச் சூடாக்கினால், வலப்புறத் திருப்பம் மெல்ல மெல்லக் குறைந்து, சுழிக்கு வந்து, பிறகு இடப்புறமாக மாறிவிடுகிறது. 1830களில் பியோவும் பெர்சோவும் இதனைக் கவனித்தனர். திசை தலைகீழாக மாறியதால் இதற்கு 'இன்வர்ஷன்', அதாவது புரட்டல், என்று பெயர் வந்தது. இன்றும் பிரிந்த சர்க்கரையைப் 'புரட்டுச் சர்க்கரை' என்கிறோம். இடப்புறம் திருப்பும் அந்தச் சர்க்கரையாகிய ஃபிரக்டோஸை 1847இல் துப்ருன்ஃபோ என்னும் பிரெஞ்சு வேதியியலார் கண்டறிந்தார்.

எண்களைப் பார்த்தால் செய்தி தெளிவாகும். ஒரே நிலையில் அளந்தால், கரும்புச் சர்க்கரையின் ஒளித்திருப்பு வலப்புறம் 66 டிகிரி அளவினது. குளுக்கோஸ் வலப்புறம் 53. ஃபிரக்டோஸ் இடப்புறம் 92. பிரிந்த பின் குளுக்கோஸும் ஃபிரக்டோஸும் சமமாக இருப்பதால், இரண்டின் சராசரி இடப்புறம் சுமார் 20 டிகிரி ஆகிறது. ஆகவே, திரவத்தைத் தொடாமலே, ஒளியைப் பார்த்துக்கொண்டே எவ்வளவு சர்க்கரை பிரிந்தது என்று சொல்லிவிடலாம்.

ஜெர்மானியரான வில்ஹெல்மி 1850இல் இதைத்தான் செய்தார். எந்த நொடியிலும் பிரியும் சர்க்கரையின் அளவு, அந்நொடியில் எஞ்சியிருக்கும் சர்க்கரையின் அளவைப் பொறுத்தது என்று அவர் காட்டினார். ஒரு வேதிமாற்றத்தின் வேகம் கணித விதியாக எழுதப்பட்டது இதுவே முதன்முறை. கதிரியக்கப் பொருள் சிதைவதற்கும் இதே விதிதான் என்பது அதற்கு அரை நூற்றாண்டுக்குப் பின் தெரியவந்தது.

ஈஸ்டிலிருந்து வந்த பொடி

அமிலம் செய்யும் வேலையை ஈஸ்டும் செய்கிறது என்பது விரைவிலேயே தெரிந்தது. ஆனால், அது உயிருள்ள ஈஸ்டின் வேலையா, அதிலுள்ள ஏதேனும் பொருளின் வேலையா? 1860இல் பெர்த்தலோ, ஈஸ்டை நீரில் ஊறவைத்து வடிகட்டி, அந்நீரில் ஆல்கஹாலைச் சேர்த்தார். வெண்மையான ஒரு வீழ்படிவு கிடைத்தது. அதில் உயிரணு எதுவும் இல்லை. ஆயினும், அது சர்க்கரையைப் புரட்டியது. உயிரின்றியே உயிரின் வேலையைச் செய்யும் இத்தகைய பொருள்களுக்கு 1870களில் ஜெர்மானிய அறிஞர் கூனே 'என்சைம்' என்று பெயரிட்டார். நாம் நொதி என்கிறோம். சர்க்கரையைப் புரட்டும் நொதிக்கு இன்வர்டேஸ் என்பது பெயர்.

1890இல் இங்கிலாந்தில் ஓ'சல்லிவன், தாம்சன் என்னும் இருவர் இன்வர்டேஸை விரிவாக ஆராய்ந்தனர். தன் எடையைப்போல் ஒரு லட்சம் மடங்கு சர்க்கரையைப் புரட்டிய பின்னும் அந்த நொதி வேலை செய்யும் ஆற்றலோடு இருந்தது என்று அவர்கள் எழுதினர். இந்தச் செய்தியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் நமக்குப் பயன்படும். 1913இல் மைக்கேலிஸும் கனடா நாட்டுப் பெண்மணியான மாட் மென்டனும், பெர்லினில் இதே இன்வர்டேஸையும் போலாரிமீட்டரையும் கொண்டுதான் நொதிகளின் வேகத்துக்கான சமன்பாட்டை வகுத்தனர். உயிர்வேதியியல் மாணவர்கள் இன்றும் அதைப் படிக்கின்றனர்.

தேனீயின் தலைக்குள்

தேனிலும் இத்தகைய நொதி உண்டு என்று 1874இல் எர்லன்மேயரும் பிளான்டாவும் அறிவித்தனர். அது எங்கிருந்து வருகிறது? பணித் தேனீயின் தலைக்குள் தொண்டைப் பகுதியை ஒட்டி, பூண்டுச் சரம்போல் சுருண்டு கிடக்கும் ஒரு சோடிச் சுரப்பிகள் உள்ளன. இளம் தேனீ கூட்டுக்குள் புழுக்களைப் பேணும் நாட்களில் இச்சுரப்பிகள் புரதம் மிகுந்த பாலைச் சுரக்கின்றன. வயது முதிர்ந்து அதே தேனீ மலர் தேடிப் பறக்கத் தொடங்கியதும், அதே சுரப்பிகள் பாலைக் குறைத்துச் சர்க்கரையைப் பிரிக்கும் நொதியைச் சுரக்கின்றன. 1990களில் ஜப்பானிய ஆய்வாளர்கள் இந்த மாற்றத்தை மரபணு அளவிலேயே எடுத்துக்காட்டினர்.

மற்றொரு நொதியும் இச்சுரப்பியிலிருந்து வருகிறது. அதன் பெயர் குளுக்கோஸ் ஆக்சிடேஸ். 1941இல் கௌஹே என்பவர் இதனைக் கண்டறிந்தார். இது குளுக்கோஸில் ஒரு பகுதியை அமிலமாக மாற்றும்போது ஹைட்ரஜன் பெராக்சைடு உண்டாகிறது. காயத்தைக் கழுவ மருத்துவமனைகளில் பயன்படுத்தினார்களே, அதே பொருள்தான். தேன் கிருமிகளைத் தடுப்பதற்கு இது ஒரு முக்கியமான காரணம் என்பதை 1963இல் வைட் என்னும் அமெரிக்க ஆய்வாளரும் அவருடன் பணியாற்றியோரும் நிறுவினர்.

அதே வைட் 1950களில் வேறொன்றையும் காட்டியிருந்தார். ஈஸ்டின் இன்வர்டேஸும் தேனீயின் நொதியும் ஒரே வேலையைச் செய்தாலும், ஒரே நொதி அல்ல. ஒரு கயிற்றை இரு முனைகளில் எதிலிருந்தும் அவிழ்க்கலாம் அல்லவா? அதுபோல, ஈஸ்டின் நொதி ஃபிரக்டோஸ் பக்கத்திலிருந்து பிணைப்பை அறுக்கிறது. தேனீயின் நொதி குளுக்கோஸ் பக்கத்திலிருந்து அறுக்கிறது. அறுத்த குளுக்கோஸைச் சில வேளைகளில் மற்றொரு சர்க்கரையின்மேல் ஒட்டவைத்து, எர்லோஸ் என்னும் இடைநிலைச் சர்க்கரையையும் அது ஆக்குகிறது.

மனிதன் பட்ட கடன்

தேனீக்கு மனிதன் ஏன் சர்க்கரை ஊட்ட வேண்டும்? சுவிட்சர்லாந்தின் ஜெனீவாவில் வாழ்ந்த ஹூபர், கண்பார்வை இழந்தவர். தம் உதவியாளர் பர்னன்ஸின் கண்களைத் தம் கண்களாகக் கொண்டு தேனீக்களை ஆராய்ந்தார். மகரந்தத்திலிருந்தே மெழுகு உண்டாகிறது என்பது அக்கால நம்பிக்கை. ஹூபர் தேனீக்களை அடைத்துவைத்துச் சர்க்கரைப் பாகை மட்டும் கொடுத்தார். அவை மெழுகு சுரந்து அடை கட்டின. மலரையே காணாத சர்க்கரையையும் தேனீ தன் உடலில் பயன்படுத்திக்கொள்ளும் என்பதற்கு அது தெளிவான சான்று.

ஆனால், சர்க்கரை ஊட்டுவது பரவலானது பின்னாளில்தான். 1852இல் அமெரிக்காவில் லாங்ஸ்ட்ராத் கழற்றி மாட்டும் சட்டங்களைக் கொண்ட பெட்டிக்குக் காப்புரிமை பெற்றார். 1865இல் ருஷ்கா, அடையைச் சுழற்றித் தேனைப் பிரித்தெடுக்கும் கருவியைச் செய்தார். அதன் பிறகு கூட்டை அழிக்காமலே தேனை எடுக்க முடிந்தது. எடுக்க எளிதானதும், மிகுதியாக எடுப்பதும் எளிதாயிற்று. குளிர்நாடுகளில் ஒரு தேனீக் குடும்பம் மலரில்லாத குளிர்காலத்தைக் கடக்கச் சுமார் 20 கிலோ சேமிப்பாவது வேண்டும். அதை எடுத்துக்கொண்டவன் ஈடு கொடுக்க வேண்டியவனானான். மலிவான ஈடு சர்க்கரை. தேனீ வளர்ப்பில் சர்க்கரை நிலைபெற்றது இவ்வாறே.

எலுமிச்சை செய்த தீங்கு

பாதுஷாவுக்கோ குலாப் ஜாமூனுக்கோ பாகு காய்ச்சும்போது, பாகு பூத்துப்போகாமல் இருக்கச் சில சொட்டு எலுமிச்சைச் சாறு விடுவது நம் வீட்டுப் பெண்மணிகள் அறிந்த செய்தி. அங்கே நடப்பது பியோ கண்ட அதே புரட்டல்தான். அமிலமும் வெப்பமும் சேர்ந்து சர்க்கரையின் ஒரு பகுதியைப் பிரித்துவிடுகின்றன. பிரிந்த சர்க்கரை எஞ்சியதைப் படிகமாக விடுவதில்லை.

ஐரோப்பியத் தேனீ வளர்ப்போரும் இதே உத்தியைக் கையாண்டனர். பாகில் வினிகர் அல்லது டார்டார் உப்பைச் சேர்த்துக் காய்ச்சச் சொல்லும் குறிப்புகள் பழைய நூல்களில் உண்டு. அடையில் பாகு உறைந்துபோகாது; தேனீக்கும் பாதி வேலை மிச்சம் என்பது அவர்கள் எண்ணம். எண்ணம் நல்லதே. ஆனால், 1966இல் இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தைச் சேர்ந்த பெய்லி, அமிலத்தால் பிரித்த சர்க்கரையை உண்ட தேனீக்கள் கழிச்சல் கண்டு விரைவில் மடிவதைக் காட்டினார்.

காரணம் என்ன? அமிலமும் வெப்பமும் பிரித்ததோடு நிற்பதில்லை. பிரிந்து வந்த ஃபிரக்டோஸிலிருந்து மூன்று தண்ணீர் மூலக்கூறுகளைப் பறித்து, அதை வேறொரு பொருளாக ஆக்கிவிடுகின்றன. ஹைட்ராக்சிமெதில் ஃபர்ஃபுரால் என்பது அதன் நீண்ட பெயர்; சுருக்கமாக எச்.எம்.எஃப். என்பர். வறுத்த காப்பிக்கொட்டையிலும் சுட்ட ரொட்டியிலும் இப்பொருள் உண்டு; நாம் அன்றாடம் உட்கொண்டும் நலமாக இருக்கிறோம். தேனீக்கோ இது நஞ்சு. 1975இல் வெளியான ஓர் ஆய்வில், கிலோவுக்கு 30 மில்லிகிராம் எச்.எம்.எஃப். கொண்ட உணவு தேனீக்களுக்குத் தீங்கு செய்யவில்லை. 150 மில்லிகிராம் ஆனபோது 20 நாட்களில் பாதிக்கு மேற்பட்டவை மடிந்தன.

ஆகவே, பலகாரத்துக்கு நன்மை செய்யும் எலுமிச்சை, தேனீயின் பாகுக்கு ஆகாது. கேடு எலுமிச்சையில் இல்லை. அமிலத்தோடு சேர்த்துக் காய்ச்சுவதில் இருக்கிறது.

நொதி கலந்த உணவு

இங்கேதான் நொதியின் சிறப்பு விளங்குகிறது. நொதி, கொதிநிலை வெப்பத்தை வேண்டுவதில்லை. கடும் அமிலத்தையும் வேண்டுவதில்லை. இளஞ்சூட்டிலேயே பிணைப்பை மட்டும் அறுத்துவிட்டு நின்றுகொள்ளும். அதனால் எச்.எம்.எஃப். உண்டாக வழி மிகக் குறைவு. ஐரோப்பாவில் சர்க்கரை ஆலைகள் ஈஸ்டின் இன்வர்டேஸைக் கொண்டு பிரித்த பாகைத் தேனீ உணவாகவே விற்கின்றன. தாமே பாகில் இன்வர்டேஸைக் கலப்போர், பாகு ஆறிய பிறகே கலக்க வேண்டும். கொதிக்கும் பாகில் நொதி அழிந்துவிடும். அதுவும் ஒரு புரதம்தானே.

1957இல் அமெரிக்காவில் மார்ஷல், கூய் என்பவர்கள் குளுக்கோஸை ஃபிரக்டோஸாக மாற்றும் நொதி ஒன்றைக் கண்டனர். அதன் வழியே மக்காச்சோள மாவிலிருந்து ஃபிரக்டோஸ் மிகுந்த பாகு செய்யும் தொழில் வளர்ந்தது. 1970களிலிருந்து அந்நாட்டுத் தேனீக்களுக்கும் அது ஊட்டப்பட்டது. ஆனால், நொதியால் செய்த பாகையும் வெயிலில் போட்டு வைத்தால் பழைய பகை திரும்பி வரும். இப்பாகு 49 டிகிரி அளவுக்குச் சூடாகும்போது எச்.எம்.எஃப். விரைந்து பெருகுவதை 2009இல் அமெரிக்க ஆய்வாளர்கள் அளந்து காட்டினர். கோடை வெயிலில் நிற்கும் இரும்புப் பீப்பாய் அந்த வெப்பத்தை எளிதில் எட்டிவிடும்.

ஒரு சிறு கணக்கு

இப்போது நம் முதற் கேள்விக்கு வருவோம். நொதி கலப்பதால் தேனீயின் உழைப்பு எவ்வளவு குறையும்? பென்சிலை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு குடும்பத்துக்கு 10 கிலோ சர்க்கரை ஊட்டுவதாகக் கொள்வோம். ஓ'சல்லிவனின் லட்சம் மடங்குக் கணக்குப்படி, இதைப் பிரிக்க ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்கு நொதி போதும். அவர் ஆராய்ந்தது ஈஸ்டின் நொதி; தேனீயுடையது வேறு. எனினும், நொதிகள் எவ்வளவு சிக்கனமானவை என்பதை இது உணர்த்தும்.

அடுத்து, தண்ணீரைப் பாருங்கள். 10 கிலோ சர்க்கரையை 10 லிட்டர் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தால் மொத்தம் 20 கிலோ பாகு. பிரியும்போது ஏறத்தாழ அரை கிலோ தண்ணீர் சர்க்கரையோடு சேர்ந்துவிடும். தேனைப்போல் நூற்றுக்கு 18 பங்கு ஈரத்தோடு சேமித்தால் எஞ்சுவது சுமார் 12.8 கிலோ. ஆக, 7 கிலோவுக்குச் சற்று மேற்பட்ட தண்ணீரைத் தேனீக்கள் இறக்கையால் விசிறி ஆவியாக்கியாக வேண்டும். ஒரு கிலோ தண்ணீரை ஆவியாக்கக் கூட்டின் வெப்பநிலையில் சுமார் 24 லட்சம் ஜூல் தேவை. 7.2 கிலோவுக்கு 173 லட்சம் ஜூல். இது ஒரு கிலோ சர்க்கரை தரும் ஆற்றலைவிடச் சற்றே கூடுதல்! வறண்ட காற்று இதில் ஒரு பங்கைச் சுமக்கும் என்றாலும், சுமை சிறிதன்று.

அதே சர்க்கரையை 5 லிட்டர் தண்ணீரில் மட்டும் கரைத்திருந்தால், ஆவியாக்க வேண்டியது 2.2 கிலோதான். சுமை மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிடுகிறது.

தேனீயை வருத்துவது பிரிக்கும் வேலையைக் காட்டிலும் உலர்த்தும் வேலையே என்று இக்கணக்கு சொல்கிறது. நொதியால் பிரித்த பாகின் உண்மையான நன்மையும் இதில்தான் இருக்கிறது. படிகமாகாமல் இன்னும் கெட்டியாக அதைச் செய்ய முடியும்; தேனீக்கு உலர்த்தும் வேலை அந்த அளவுக்குக் குறையும். கரும்புச் சர்க்கரையைத் தேனீயால் செரிக்க முடியாது என்பதற்காக நொதி தேவைப்படுவதில்லை. 1978இல் பார்க்கரும் லேனரும் கூண்டில் வைத்துச் சோதித்தபோது, தூய சர்க்கரைப் பாகை உண்ட தேனீக்களே, மக்காச்சோளப் பாகையும் தேனையும் உண்டவற்றைவிட நீண்ட நாள் வாழ்ந்தன.

பாகு தேனாகுமா?

அப்படியானால் தேனுக்குப் பதில் சர்க்கரையே போதுமா? போதாது. கூண்டுக்குள் வாழும் நாட்களை எண்ணுவது வேறு. நோயும் பூச்சிமருந்தும் உள்ள வயலில் பிழைப்பது வேறு. 2013இல் இல்லினாய் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், மகரந்தத்திலிருந்து தேனில் கலக்கும் கூமாரிக் அமிலம் என்னும் பொருள், நஞ்சை முறிக்கும் மரபணுக்களைத் தேனீயின் உடலில் தூண்டுவதைக் கண்டனர். சர்க்கரைப் பாகில் அது இல்லை. எந்த நொதியைக் கலந்தாலும் வாராது.

மற்றொன்றும் கவனிக்கத் தக்கது. ஊட்டிய பாகு விற்பனைத் தேனில் கலந்தால் அது கலப்படமே. முன்பு சொன்னோமே, ஈஸ்டின் நொதி மறுமுனையிலிருந்து அறுப்பது என்று. அந்த நொதியின் தடம் தேனில் அளவுக்கு மீறித் தென்பட்டால், அங்கே ஆலைப் பாகு புகுந்திருக்கிறது என்று ஆய்வகங்கள் ஐயுறுகின்றன. உதவிக்கு வந்த நொதியே சாட்சியாகவும் நிற்கிறது.

நம் குமரி மாவட்டத்தில் ரப்பர் மரங்கள் புதுத்தளிர் விடும் மாதங்களில் தேன் பெருகும். மழைக்காலத்தில் வறட்சி வரும். அப்போது பெட்டிக்குள் பாகு வைக்கும் நண்பர்கள் உங்களுள் இருக்கலாம். இருநூறு ஆண்டு ஆராய்ச்சியிலிருந்து அவர்கள் எடுத்துக்கொள்ள வேண்டியவை சிலவே. வெள்ளைச் சர்க்கரையைச் சுத்தமான நீரில் கரையுங்கள். புளிப்பு எதையும் சேர்த்துக் காய்ச்சாதீர்கள். கருகிய பாகையும், வெயிலில் கிடந்து கறுத்த பாகையும் கொடுக்காதீர்கள். சேமித்து வைப்பதற்கென ஊட்டினால் பாகைக் கெட்டியாகக் கொடுங்கள். தேன் எடுக்கும் பருவத்தில் பாகு வேண்டா. நொதி கிடைத்தால் நன்று. கிடைக்காவிட்டால் கவலையில்லை, அது தேனீயிடமே இருக்கிறது. எல்லாவற்றுக்கும் முன்னதாக, அறுவடை நாளில் இரண்டு அடைத் தேனை அவற்றுக்கென்று விட்டுவையுங்கள்.